கோட்டுக்கு மேல ஒரு ஊர்

எங்க டேங்கர் லாரிக்குள்ள ஒரு ஊர் குடியிருக்குதுங்க. தேங்காயெண்ணெய்க்கு மேல, மூடிக்குக் கீழ, அந்தச் சாண் அகல எடத்துல ஆடு கோழி புள்ளகுட்டியோட நல்லபடியாவே இருக்குது. காங்கேயத்துல ஆரைக் கேட்டாலும், "பாவாத்தா லாரியிலயா, ஆமா இருக்குது, போன மாரியம்மன் நோம்பிக்குக்கூட மாவெளக்கு எடுத்தாங்களே"ம்பாங்க, சொல்லிப்போட்டு அவங்கவங்க சோலியப் பாக்கப் போயிருவாங்க. அதைக் கேட்டு வாயப் பொளக்கறவங்க வெளியூர்க்காரங்களாத்தான் இருக்கோணும்.

பாவாத்தாங்கறது நான்தான். லாரியானா என்ற வீட்டுக்காரர் சென்னியப்பனோடது, அவரேதான் ஓட்டறார், கிளீனர் வெச்சுக்கறதில்லை, வெச்சா அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசோணுமே. அந்த மனுசனுக்குப் பேச்சு வராதுங்க. ஊமையெல்லாம் இல்லை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, தங்கமான மனுசன். வருவார், கைகால் கழுவுவார், தட்டு முன்னால உக்காருவார், "ம்"பார், "செரி"ம்பார், ரசம் நல்லா இருந்தா ரெண்டாந்தரம் வாங்கிக்குவார், அதை நான் பாராட்டுன்னு எடுத்துக்கோணும். எனக்கானா வாய் ஓயாது. பால்காரர்கிட்டக் காலையில ஆரம்பிச்சா, "அதையேன் கேக்கறீங்க"ன்னு ஒரு சுத்து வந்து முடிக்கறதுக்குப் பொழுது எறங்கிரும். எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போன எங்கப்பன் திரும்பி வந்து, "பையன் நல்ல பையன் சாமி, குறுக்க பேசவே மாட்டான்"னார். குறுக்கயும் பேசலை, நெடுக்கயும் பேசலை. அவர் வாயில இருந்து ஒரே ஒரு தரம், "உனக்குத் தெரியுமா பாவாத்தா"ன்னு ஆரம்பிச்சு ஒரு சங்கதி கேட்டுப்போடோணும்னு கலியாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு ஆசை, வேற நகை நட்டு ஒண்ணும் நான் கேட்டதில்லை. அது எப்படிக் கெடைச்சுதுங்கறதைத்தான் சொல்ல வந்தேன், அதுக்கு நான் கும்பிடு போடவேண்டியது ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு.

காங்கேயத்து ஆலைகள்ல எண்ணெய் ஏத்தித் தூத்துக்குடிப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனிக்குக் கொண்டுபோறதுதான் எங்க பொழப்பு. அப்பெல்லாம் டேங்கை மூடி முட்ட ரொப்புவாங்க, கொஞ்சம் கொறையா இருந்தா ஏமாத்தறதாட்டம் தெரியும்னு. சித்திரை வெயில்ல எண்ணெய் பெருத்து மூடியோரமாக் கசிஞ்சு ரோட்டுல ஒழுகும், பின்னால வண்டியில வர்றவங்க வழுக்கி விழுந்து எந்திரிச்சு, எங்க வம்சத்தையே இழுத்து வெச்சு வஞ்சுட்டுப் போவாங்க. கம்பெனிக்காரங்க பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு உத்தரவு போட்டாங்க. ஒவ்வொரு டேங்குலயும் மூடிக்கு உள்ளாற கீழ தள்ளி ஒரு கோடு போட்டுக்கோணும், வெளிய அந்தக் கோட்டுக்கு மேலாப்புல ஒரு வார்த்தை எழுதோணும்னு சொல்லி, எழுத்தையும் குடுத்துட்டாங்க: யு, எல், எல், ஏ, ஜி, ஈ. அர்த்தம் ஒண்ணும் சொல்லலை, ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்ச வார்த்தைன்னு நெனச்சாங்களோ என்னமோ.

லாரிப்பேட்டையில அந்த வார்த்தை பட்ட பாடு இருக்குதே! ஒருத்தர் "உல்லாகே"ன்னார், ஹிந்தியா இருக்கும்னார். இன்னொருத்தர் அது உல்லாசம், டிரைவருங்க சந்தோசமா ஓட்டோணும்னு கம்பெனி ஆசைப்படுதுன்னார். டியூசன் வாத்தியாரைக் கேட்டா, நெத்தியச் சொறிஞ்சுக்கிட்டு, "சிலபஸ்ல இல்லீங்களே"ன்னுட்டார், இல்லாததை இல்லைன்னு சொன்ன மனுசனை என்ன குத்தஞ்சொல்றது. கைபோன்ல தேடினாங்க, அதுவும், "நீங்கள் கேட்டது வில்லேஜா?"ன்னு நம்மையே திருப்பிக் கேட்டுச்சு.

அதைக் கேட்டதும் பெயிண்டர் குழந்தைவேலண்ணன் தொடையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சார். பேட்டையில இருக்கற லாரியெல்லாம் அவர் கையெழுத்துதான், தன்னை ஆர்ட்டிஸ்டுன்னு கூப்புட்டாத்தான் திரும்பிப் பாப்பார்.

"நான் அப்பவே நெனச்சேன். வி-யையும் ஐ-யையும் ஒட்டி எழுதி யு ஆக்கிப்போட்டானுங்க. இது வில்லேஜுங்க! எண்ணெய் எந்த ஊருதுன்னு எழுதச் சொல்றான்."

"அப்பக் காங்கேயம்னு எழுதிப்போடலாமில்லீங்களாண்ணா?"ன்னு கேட்டேன்.

"அம்மிணி, அவன் கேட்டது வில்லேஜ், நான் எழுதறது வில்லேஜ். நடுவுல நம்ம புத்தியத் திணிச்சம்னா வம்பாயிரும்"னார், ரெண்டெழுத்தை அவரே திணிச்சுப்போட்டு.

எழுதினாரு பாருங்க எழுத்து! மஞ்சள் எழுத்துக்குச் செவப்புல நெழல் குடுத்து, ரெண்டு பக்கமும் காங்கேயங்காளை ஒவ்வொண்ணு நிறுத்தி, கீழ பச்சையா ஒரு வயக்காடு ஓட்டி, வில்லேஜுன்னா கோயில் இல்லாமயான்னு ஒரு கோபுரமும் வெச்சு, தள்ளி நின்னு பாத்துட்டு, ஒரு கோழியும் இருக்கட்டும்னு ஒரு சேவலையும் வரைஞ்சு முடிச்சார். என்ற வீட்டுக்காரர் லாரியைச் சுத்தி வந்து பாத்துட்டு "ம்"னார்.

மக்யா நாள் விடிஞ்சு ஆலையில லோடு ஏத்தறப்ப, எண்ணெய் திறந்துவிடற ரங்கசாமி டேங்கு மேல நின்னுக்கிட்டிருந்தார். எண்ணெய் பாதிக்கு மேல ஏறினப்ப உள்ள சேவல் கூவுச்சு. பக்கத்துத் தோட்டத்துச் சேவலா இருக்கும்னு அவர் கண்டுக்கலை. எண்ணெய் கோட்டைத் தொட்டதும் ஒரு பொம்பளைக் குரல், "ஏனுங்க, போதுங்க, போதுங்க! வாசப்படிக்கு வந்துருச்சுங்க!"ன்னு மூடிக்குள்ள இருந்து சத்தம் போட்டுச்சு. ரங்கசாமி எண்ணெய்க் குழாய் வால்வை மூடிப்போட்டு, குனிஞ்சு, "மன்னிச்சுக்குங்க, குடித்தனம் இருக்கறது தெரியாதுங்க"ன்னார். அப்பறம் எறங்கி வந்து என்ற வீட்டுக்காரரை ஒரு பிடி பிடிச்சார். "ஏனுங்கண்ணா, ஆளுங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? அடுப்பு அணைஞ்சிருந்தா ஆரு பதில் சொல்றது?"ன்னு கேட்டதுக்கு இவர் வெளிய எழுதியிருந்ததைப் பாத்தார், ரங்கசாமியைப் பாத்தார், "செரி"ன்னார்.

கண்ணுல ஆரும் பாத்ததில்லைங்க. மூடியத் தெறந்து எட்டிப் பாத்தா எண்ணெய் மேல ஒரு வெளக்கு வெளிச்சம் ஆடும், கருவேப்பிலை தாளிக்கற வாசம் வரும், கீழ புள்ளைங்க சண்டை போடற சத்தம் கேக்கும், அவ்வளவுதான். அவங்களுக்காகப் பேசறது நாச்சம்மான்னு ஒருத்தி, ஊருக்கே நாயம் சொல்றவ போலிருக்குது, குரல்லயே தெரியும். லோடு எறக்கிக் காலி டேங்கோட திரும்பறப்ப ஊரு கீழ வரைக்கும் விரிஞ்சுக்கும், அவசரத்துக்கு வெளையற கீரையா வெதைச்சுப் பறிச்சுக்குவாங்க. மறுபடி லோடு ஏத்தறப்ப ரங்கசாமி, "ஏறுங்கோ, எல்லாரும் மேல ஏறுங்கோ"ன்னு கொரல் குடுத்து, அடம்புடிக்கற ஒரு வெள்ளாட்டை அவங்க இழுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் பொறுத்து நின்னு, அப்பறந்தான் வால்வைத் திருப்புவார்.

ஊருன்னு ஒண்ணு வந்துட்டா அதுக்குச் செய்யறதைச் செய்யோணுமில்லீங்களா. மாரியம்மன் கோயில்காரங்க வந்து, மாவெளக்கை இங்க எடுப்பீங்களா லாரி போற ஊர்ல எடுப்பீங்களான்னு மூடிக்கிட்ட நின்னு கேட்டாங்க, எண்ணெய் ஏத்தற ஊர்லதான் எடுப்பமுங்கன்னு நாச்சம்மா சொன்னதும் எங்காளுங்களுக்குப் பெருமை புடிபடலை. வி.ஏ.ஓ. வந்து டேங்கைச் சுத்திச் சுத்திப் பாத்தார், ஊரு ஓடிக்கிட்டே இருக்கறதுனால எந்தப் பிர்க்காவுலயும் சேக்க முடியலைங்க, கோவிச்சுக்காதீங்கன்னு தன்மையாச் சொல்லிப்போட்டுப் போனார். டோல்கேட்டுல டேங்குக்குள்ள ஆளேத்தக் கூடாதுன்னு மறிச்சாங்க, பின்னால நின்ன லாரிக்காரர், "ஏத்தலைங்க, அவங்க அங்கதான் குடியிருக்காங்க"ன்னதும் கம்பியத் தூக்கிட்டாங்க. வேகத்தடையில இவர் லாரியை அலுங்காம ஏத்தி எறக்குவார், எண்ணெய் தளும்பி வாசலுக்கு வந்துரும்னு, பின்னால வர்ற வண்டி ஒண்ணுகூட ஹாரன் அடிக்கறதில்லை. புள்ளைக்குப் பேர் வெக்கறவங்க மூடிக்கிட்ட வந்து மூணு தரம் பேரைச் சொல்லிட்டுப் போவாங்க, உள்ள இருந்து திருப்பிச் சொன்னா நல்லதுன்னு ஒரு நம்பிக்கை எப்படியோ வந்துருச்சு.

மத்த டேங்கர்காரங்க சும்மா இருப்பாங்களா, எங்களுக்கும் எழுதுங்கன்னு குழந்தைவேலண்ணன் வாசல்ல நின்னாங்க, அவரும் காளையும் சேவலுமாப் போட்டுக் குடுத்தார். ஒருத்தர் டேங்குல மழை பேயற சத்தம் மட்டும் கேட்டுச்சு, மத்ததுல ஒண்ணும் அமையலை. ஆனாலும், வந்தாலும் வருவாங்க, வர்றவங்களுக்கு எடம் வேணுமேன்னு எல்லாரும் கோட்டோட நிறுத்திக்கிட்டாங்க. அந்தக் கோடைக்கு ரோட்டுல ஒரு சொட்டு எண்ணெய் கெடையாது, ஒருத்தர் வழுக்கி விழலை, எங்க வம்சத்தையும் ஆரும் இழுக்கலை.

ஒரு நாள் காலையில காப்பி எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போறேன், ஆம்பளைக் குரல் ஒண்ணு நிறுத்தாமப் பேசிக்கிட்டிருக்குது, நடுநடுவுல ஒரு ஊரே சிரிக்குது. ஆருடா விருந்தாளின்னு பாத்தா, என்ற வீட்டுக்காரர்! டேங்கு மேல சம்மணம் போட்டு, மூடிக்கு நேரா மொகத்தை வெச்சு, கையக் கைய ஆட்டி, குரலை ஏத்தி எறக்கி, பேசறார், பேசறார், அப்படிப் பேசறார். என்னைப் பாத்ததும் வாய் மூடிக்கிச்சு. "என்னங்க?"ன்னேன். "ம்"னார், காப்பிய வாங்கிக்கிட்டார்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! பொண்டாட்டின்னு ஒருத்தி வீட்டுல வாய் வலிக்கப் பேசிக்கிட்டுக் கெடக்கறேன், ஒரு பதிலுக்கு வக்கில்லை, எண்ணெய் மேல மெதக்கற ஊருக்குக் கதை சொல்ல வாய் இருக்குதா? அவர் குளிக்கப் போன நேரம் பாத்து நானே மேல ஏறினேன்.

"நாச்சம்மா, என்ன பேசறார் அந்த மனுசன் உங்ககிட்ட?"

"அது எங்களை நம்பிச் சொல்றதுங்க அம்மிணி. மூடிக்குள்ள விழுந்தது உள்ளயே இருக்கட்டும்."

"செரி, நல்லாவாச்சும் சொல்றாரா?"

"அதையேன் கேக்கறீங்க! அடுப்ப அணைச்சுப்போட்டு உக்காந்து கேப்பமுங்க."

நான் பேசற அந்த வார்த்தை இவளுக்கு எப்படி வாய்க்குள்ள வந்துச்சுன்னு அப்பவே நான் யோசிச்சிருக்கோணும். நான் இருந்த கோவத்துல யோசிக்கலை, கீழ எறங்கி வந்து பாத்திரத்தையெல்லாம் ஒடையறாப்புல வெளக்கினேன்.

அடுத்த லோடுக்கு நானும் கூட வருவேன்னு கெளம்பிட்டேன். வர்றியான்னும் கேக்கலை, வேண்டாம்னும் சொல்லலை, "செரி"ன்னார். தாராபுரம் தாண்டி, திண்டுக்கல் தாண்டி, மதுரை தாண்டி, கம்பெனி வாசல் வரைக்கும் நான்தான் பேசிக்கிட்டு வந்தேன். எங்க பால்காரரோட எருமை காணாமப்போன கதை, பாதியில நின்னிருந்துச்சு, அதையும் சொன்னேன், இன்னும் கெடைக்கலை, தேடிக்கிட்டிருக்காங்கங்கற வரைக்கும்.

கம்பெனியில எண்ணெய் எறக்கறதுக்கு முந்தி அளந்து பாக்க ஒரு சர்வேயர் அம்மா வந்துருந்தாங்க, பிலோமி மேடம்னு பேரு, தூத்துக்குடிக்காரங்க, தலையில ஹெல்மெட், கையில நுனியில பித்தளைக் குண்டு கட்டின டேப்பு. டேங்கு மேல எழுதியிருந்ததைப் பாத்தாங்க, காளையப் பாத்தாங்க, சேவலப் பாத்தாங்க, பக்கத்துல இருந்த கம்பியப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

"யக்கா, இது வில்லேஜ் இல்லக்கா. அல்லேஜ். அல்-லேஜ், சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். நாக்குல புதுச் செருப்பு மாதிரி கடிச்சுச்சு.

"அப்படீன்னா என்னங்க மேடம்?"

"தொட்டியில எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு எல்லாரும் பாப்பாவ. நான் எவ்வளவு இல்லைன்னு பாக்குதேன். மூடியில இருந்து எண்ணெய் வரைக்கும் சும்மா கெடக்குல்லா, அந்த எடத்துக்குப் பேருதான் அல்லேஜ். வெயில் ஏறுனா எண்ணெய்க்கு ஒடம்பு பெருக்கும், அதுக்குப் பெரண்டு படுக்க எடம் வேணாமா? அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் தேசத்துல பீப்பாய் வாய்க்குக் கண்ணுன்னு பேராம், அந்தக் கண்ணுல இருந்து பொறந்த வார்த்தைக்கா இது."

"நாங்களும் மூடியக் கண்ணுன்னுதானுங்க சொல்லுவோம்"னு நாச்சம்மா உள்ள இருந்து சொன்னா.

"அப்படியாம்மா, ரொம்ப சந்தோசம்"னு சொல்லிப்போட்டு பிலோமி மேடம் டேப்பை உள்ள விட்டாங்க. மேல இழுத்தப்ப பித்தளைக் குண்டுல ஒரு மொழம் கனகாம்பரம் கட்டியிருந்துச்சு. அதை எடுத்து ஹெல்மெட்டுக்குக் கீழ வெச்சுக்கிட்டாங்க.

எனக்கு ஒரு புது வார்த்தை கெடைச்சா அதைப் பேச்சுல போட்டுப் பாக்காமத் தூக்கம் வராது. "இதை எப்படிங்க சொல்றது? அல்லேஜ் போடுன்னா, ஊத்துன்னா?"ன்னு கேட்டேன்.

"ரெண்டும் தப்புக்கா. அல்லேஜை நெறைக்க முடியாது, நெறைச்சா அது அல்லேஜே இல்ல. அல்லேஜ் விடுன்னு சொல்லணும். இது செய்யுத காரியம் இல்ல பாத்துக்கோங்க, விடுத காரியம்." அப்பறம் அவங்க மொகம் கொஞ்சம் வாடிப்போச்சு. "ஆனா எழுத்தை மாத்தீருங்கண்ணே. அடுத்த தரம் இப்படி வந்தா கேட்டுக்குள்ள விடமாட்டாவ, எனக்கு மேலயும் ஆள் இருக்காவள்லா"ன்னு இவரைப் பாத்துச் சொன்னாங்க. இவர் தலையக் குனிஞ்சுக்கிட்டார்.

ஊருக்குத் திரும்பினதும் வார்த்தையப் பேட்டையில அவுத்துவிட்டேன், ஒரு வாரம் அதே பேச்சுத்தான். பஸ்சுல, "கொஞ்சம் அல்லேஜ் விட்டு உக்காருங்க"ம்பாங்க. தூக்குப்போசியில கொழம்பு ஊத்தறவங்ககிட்ட, "அல்லேஜ் விட்டு ஊத்துங்க, வண்டியில போறேன்"பாங்க. புதுசாக் கலியாணமான பையன் அவங்கம்மாகிட்ட, "எங்களுக்குக் கொஞ்சம் அல்லேஜ் விடுங்கம்மா"ன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டான். ஆனா எழுத்தை மாத்தறதுன்னதும் எல்லார் மொகமும் செத்துப்போச்சு. வி போனா, ஐ போனா, ஊரு போயிருமே.

குழந்தைவேலண்ணன் மூணு நாள் வேலைக்கே வரலை. வந்தப்ப கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. "நான் எழுதின எழுத்தை நானே சொரண்டறது இதுதான் மொதத் தரமுங்க"ன்னார். பேட்டையே கூடி நின்னுச்சு. மூடியத் தெறந்து வெச்சு, "நாச்சம்மா, எங்களை மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிப்போட்டு, வி-யையும் ஐ-யையும் சொரண்டி, அந்த எடத்துல ஒரு யு எழுதினார். கடைசி வளைவு முடியறப்ப உள்ள கேட்டுக்கிட்டிருந்த ஒலக்கைச் சத்தம் நின்னுபோச்சு. கூப்புட்டுப் பாத்தோம், பதில் இல்லை. வெளக்கும் இல்லை, தாளிக்கற வாசமும் இல்லை, வெறும் டேங்கு.

அடுத்த லோடுக்கு, போதும்னு சொல்ல உள்ள ஆருமில்லாததுனால ரங்கசாமி பழைய கைப்பழக்கத்துல மூடி முட்ட ரொப்பிவிட்டார். அது வழிநெடுக ஒழுகிக்கிட்டுப் போச்சு. என்ற வீட்டுக்காரர் திரும்பி வந்து டேங்குல வழிஞ்ச எண்ணெயத் துணியில தொடைச்சுக்கிட்டே இருந்தார், மூடிய ஒரு தரம் தட்டினார், காதை வெச்சுக் கேட்டார். அதுக்கப்பறம் "ம்"மும் போச்சு, "செரி"யும் போச்சு. ரெண்டாந்தரம் ரசம் வாங்கறதும் நின்னுபோச்சு. ஒழிஞ்சுது அந்த ஊருன்னு நான் சந்தோசப்பட்டிருக்கோணுமில்லீங்களா? முடியலைங்க. பேசினவரு வாய் மூடினதைப் பாக்கறது, பேசாதவரைப் பாக்கறதைவிடக் கொடுமை. அப்பத்தான் பால்காரரோட எருமை கெடைச்சு வந்துச்சு, அதுவும் எப்படிக் கெடைச்சுதுங்கறீங்க, நான் என்ற வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், பாதி சொல்றப்பவே அவர் டேங்கைப் பாத்துக்கிட்டுக் கண்ணைத் தொடைச்சார். எருமை கெடைச்சதுக்கு இந்த மனுசன் எதுக்கு அழுவறார்னு எனக்குப் புரியலை.

அடுத்த லோடு அன்னைக்கு நானே ஆலைக்குப் போய் டேங்கு மேல ஏறி நின்னுக்கிட்டேன். நல்ல உச்சி வெயில். எண்ணெய் ஏறி ஏறிக் கோட்டுக்கு வந்துச்சு.

"நிறுத்துங்க ரங்கசாமி."

"உள்ளதான் ஆருமில்லீங்களேக்கா."

"இல்லாட்டிப் போகுது. அல்லேஜ் விடுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு வால்வை மூடினார். கீழ நின்னுக்கிட்டிருந்த என்ற வீட்டுக்காரரும் நிமிந்து பாத்தார். மூணு பேரும் காதைக் குடுத்துக் கேட்டோம், சேவல் ஏதாச்சும் கூவுதான்னு. ஒண்ணும் கூவலை. எறங்கி வந்து லாரியில அவர் பக்கத்துல ஏறி உக்காந்தேன்.

வண்டி கெளம்புச்சு. வழக்கம்போல வாயத் தெறந்தேன், சொல்றதுக்கு என்கிட்ட எத்தனையோ இருந்துச்சு, எங்க சின்னம்மா மருமக கோவிச்சுக்கிட்டுப் போனது, மாவு மில்லுல நடந்த சண்டை, எல்லாம் நாக்கு நுனியில நிக்குது. என்னமோ தெரியலை, பிலோமி மேடம் சொன்னது அந்த நேரம் பாத்து ஞாபகம் வந்துச்சு, இது செய்யற காரியமில்லை, விடற காரியம்னு. வாய மூடிக்கிட்டேன். அம்மாடி, அது சாமானியமான வேலைங்கறீங்களா? ஊதியூர் மலை கடந்துச்சு, தென்னந்தோப்பு கடந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட ஒரு கதை இருக்குது, ஒவ்வொண்ணையும் முழுங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அவர் ரெண்டு தரம் என்னைத் திரும்பிப் பாத்தார். "ஒடம்பு செரியில்லையா?"ன்னார். முழுசா ஒரு கேள்வி! இல்லைன்னு தலையாட்டினேன், அப்பவும் வாயத் தெறக்கலை. தாராபுரம் பாலத்துக்குக் கிட்ட வந்தப்ப அவர் தொண்டையைச் செருமினார்.

"உனக்குத் தெரியுமா பாவாத்தா"ன்னார்.

ஜன்னல் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

"நான் அவங்ககிட்ட என்ன பேசுவேன்னு உனக்குத் தெரியுமா? நீ பேசினதைத்தான். எனக்கு எங்க சொந்தமாப் பேச வருது? நீ சோறு போடறப்ப சொல்றதெல்லாம் ஒரு வார்த்தை விடாம எனக்கு மனசுல நிக்கும். ஊட்டுல அதுக்கு ஒரு பதில் சொல்லலாம்னு நானும் பாப்பேன், எடமே கெடைக்காது, நீ முடிக்கறதுக்குள்ள சோறு தீந்துரும். அங்க போயி, நீ எப்படிக் கைய ஆட்டுவியோ அப்படியே ஆட்டிச் சொல்லுவேன். உன்ற சின்னம்மா மருமகளுக்கு என்ன கோவம்னு அந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அந்த ஊருக்குப் பொழுது போனதே உன்ற பேச்சுலதான். எருமை கெடைச்சதை அவங்களுக்குச் சொல்ல முடியாமப் போச்சே, அதுதான் எனக்கு..."

நான் அழுதேங்க. இத்தனை வருசமாச் செவுத்துக்கிட்டப் பேசிக்கிட்டிருக்கறதா நெனச்சிருந்தேன், என்ற பேச்சைப் பொத்திப் பொத்தி எடுத்துக்கிட்டுப் போயி ஒரு ஊருக்கே இந்த மனுசன் பந்தி வெச்சிருக்கறார். சந்தோசமும் வெக்கமும் சேந்து வந்து, முந்தானையில மூக்கைச் சிந்திக்கிட்டே, அந்த நேரத்துலயும் வாயத் தெறக்காம உக்காந்திருந்தேன். வண்டிச் சத்தம் மட்டுந்தான்.

அப்ப எங்க முதுகுக்குப் பின்னால மெல்ல ஒரு சத்தம். பள்ளிக்கூடத்துல புள்ளைங்க சேந்து பாடம் சொல்றாப்புல, "அல்... அல்லே... அல்-லேஜ்"ன்னு. மறுபடி, "அல்-லேஜ்." அதுக்கு மேல ஒரு சேவல் கூவுச்சு, அதும்மேல ஒரு வெள்ளாடு கத்துச்சு. இவர் பதறிப்போயி லாரிய ஓரங்கட்டினார்.

"ஏனுங்க, அல்லேஜ்ல இருந்து பேசறமுங்க!"ன்னா நாச்சம்மா. "கோவிச்சுக்காதீங்க, ஊருக்குப் பேரை மாத்திப்போட்டீங்க, புதுப் பேரு நாக்குல ஒட்டறதுக்கு முந்தி எதைச் சொல்லிக் கொரல் குடுக்கறதுங்க? இத்தனை நாளும் எல்லாரும் உக்காந்து சொல்லிப் பழகினோம். போன லோடுலதான் கொஞ்சம் செரமப்பட்டுட்டோம், ஆட்டையெல்லாம் தலைமேல தூக்கி வெச்சுக்கிட்டு நின்னோம். இன்னைக்கு எடம் விட்டீங்க பாருங்க அம்மிணி, மகராசியா இருக்கோணும் நீங்க."

"நீங்களும் நல்லா இருக்கோணுமுங்க"ன்னு நான் சொன்னேன்.

"அது கெடக்குதுங்க, அந்தப் பால்காரர் எருமை பின்ன ஊடு வந்து சேந்துச்சுங்களா? இங்க அடுப்பை அணைச்சுப்போட்டு உக்காந்திருக்கறமுங்க."

முழுக் கதையும் என்ற நாக்கு நுனியில நிக்குது. எருமை எங்க நின்னுச்சு, ஆரு மொதல்ல பாத்தது, பால்காரர் சம்சாரம் என்ன சொல்லி அதைக் கட்டிக்கிட்டு அழுதா, எல்லாம். என்ற வீட்டுக்காரர் என்னைப் பாத்தார். நான் ரெண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அமராவதி ஆத்துத் தண்ணியப் பாத்தேன்.

அவர் வண்டிய மெல்ல எடுத்து ரோட்டுல விட்டுட்டு, ஸ்டியரிங்குல இருந்து ஒரு கைய எடுத்து, நான் ஆட்டற மாதிரியே ஆட்டிக்கிட்டு, "அதையேன் கேக்கறீங்க"ன்னு ஆரம்பிச்சார்.